மண்ட்லாவின் இருள்

பாரிஸ் மாநகரில் நெடுங்காலம் வாழ்ந்த ஓர் ஓவியர் முதுமைவரை எதைத் தீட்டிக்கொண்டிருந்தார் என நினைக்கிறீர்கள்? தாம் பிறந்த காட்டுப்புறத்தைத்தான்!

சையத் ஹைதர் ரஸா, 1922இல் மத்தியப் பிரதேசத்தின் மண்ட்லா மாவட்டத்தில் பிறந்தவர். தந்தையார் வனத்துறை அலுவலர். கானகத்து இரவுகளின் அச்சமும், விடிந்ததும் பிறக்கும் நிம்மதியும் சிறுவனின் நெஞ்சில் தங்கிவிட்டன. அவன் மனம் அலைபாய்வதைக் கண்ட ஆசிரியர், பள்ளிச் சுவரில் ஒரு புள்ளியிட்டு அதையே நோக்கியிருக்கச் செய்தாராம்.

பிரிவினையின்போது உடன்பிறந்தார் பாகிஸ்தான் சென்றனர், இவர் செல்லவில்லை. 1950இல் பிரான்ஸ் சென்று, அந்நாட்டுக் கிராமங்களை வரைந்து, 1956இல் விமர்சகர் விருதும் பெற்றார். ஆயினும், புகழ் வந்த பின்னரும் மனம் நிறையவில்லை. தாயகத்துக்குப் பலமுறை வந்து சென்றார். மெல்ல மெல்ல வீடுகளும் மரங்களும் திரையிலிருந்து மறைந்தன. வெயிலின் சிவப்பும் மஞ்சளும், அவற்றினிடையே காட்டிருளின் கருமையுமே எஞ்சின. "இதில் காட்சி எங்கே?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டவன்தான். கண்ணை மூடிக்கொண்டு உங்கள் ஊரை நினைத்துப் பாருங்கள். முதலில் வருவது உருவமா, நிறமா?

பிற்காலத்தில் அந்தப் பள்ளிச் சுவரின் புள்ளியே பெரும் கருவட்டமாக அவர் ஓவியங்களில் வந்தமர்ந்தது.

மனைவி மறைந்து சில ஆண்டுகளுக்குப் பின், 2010இன் இறுதியில் தில்லி திரும்பினார். 2016இல் காலமானார். அவர் விரும்பியவாறே, மண்ட்லாவில் தந்தையாரின் கபருக்கு அருகில் அடக்கம் செய்தார்கள்.