புதுக் குஞ்சும் பழைய கூடும்

அண்மையில் ஒரு நெசவாளர் சங்கத்தின் கடன் பேரேட்டைப் பார்வையிடுகையில், கோழி வாங்க வழங்கப்பட்ட கடன்களுள் ஐந்து தவணை தவறியிருக்கக் கண்டோம். காரணம் கூறும் இடத்தில் 'நோயால் மடிந்தன' என்ற இரு சொற்களே இருந்தன. அவ்வளவில் விட மனமின்றி அங்கத்தினர் ஒருவரின் இல்லம் சென்று, குஞ்சுகள் வந்த அன்று அவற்றை எங்கே அடைத்தீர்கள் என்று அந்த அம்மையாரை வினவினோம். "வேறெங்கேங்க அடைக்கிறது? இருக்கிற கூட்டில்தான்" என்றார். ஆறு பெட்டைகளும் ஒரு சேவலும் அடையும் கூட்டில், ஒரு மாத வயதுடைய இருபது குஞ்சுகள்! பத்து நாளில் இரண்டே எஞ்சின.

கோழிக் கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்ற வரிசை உண்டு. நார்வே நாட்டு அறிஞர் ஷெல்டெருப்-எப்பே இதனை 1922இல் விளக்கி எழுதினார். புதிதாய் வருவது கடைசி இடத்தில்தான் நிற்கவேண்டும். உடல் தேறிய கோழி நாலு கொத்து வாங்கி ஒதுங்கிக்கொள்ளும். குஞ்சுக்கு ஒதுங்க இடமுமில்லை, வலுவுமில்லை. இரை கிடையாமல் மெலியும். ரத்தக் கழிச்சலோ இதனினும் கொடிது. வெளிக்குத் தெரியாமல் பெரிய கோழியின் குடலில் தங்கி, எச்சத்தின் வழியே குஞ்சை அடைந்து கொன்றுவிடும். ஆக, பேரேட்டில் எழுதிய 'நோய்' பொய்யன்று. அதனை அழைத்துவந்தது நமது அவசரம்.

செய்யவேண்டியது பெரிதன்று. குஞ்சுகளை மூன்று நான்கு வாரமேனும் வேறிடத்தில் வைத்தல் வேண்டும். வெள்ளைக் கழிச்சலுக்கு முதல் வாரத்தில் இடவேண்டிய சொட்டு மருந்து இடப்பட்டதா என்று விற்பவரிடம் கேட்டறிந்து, எட்டாம் வார அளவில் கால்நடை மருந்தகத்தில் ஊசி போடவேண்டும். பிறகு ஒரு வாரம் கம்பி வலைக்கு அப்பாலும் இப்பாலுமாக ஒன்றையொன்று பார்த்துப் பழகட்டும். குஞ்சுகள் பன்னிரண்டு வார வளர்ச்சி பெற்றபின், இரவில், கோழிகள் அடைந்த பிறகு அருகே விடுவது நலம். அப்போதும் ஒன்றை மட்டும் தனியே விடலாகாது. தீனித் தட்டும் தண்ணீரும் இரண்டு இடங்களில் இருத்தல் அவசியம். முட்டைக் கோழித் தீவனத்தின் மிகுதியான சுண்ணாம்புச் சத்து குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எனவே வளரும் பருவத் தீவனத்தையே யாவற்றுக்கும் இட்டு, கிளிஞ்சலைத் தனியே வைத்தால், வேண்டிய பெட்டை தானே கொத்திக்கொள்ளும்.

அடைக்கோழி இருப்பின் இத்தனை பாடில்லை. பிறந்து ஓரிரு நாளே ஆன குஞ்சுகளை இரவில் அதன் வயிற்றடியில் வைத்தால் பெரும்பாலும் தன்னுடையவாகவே ஏற்கும். நம் பாட்டிமார் அறிந்த வித்தை இது. தறி வீட்டாருக்கு இன்னொரு வார்த்தை: கழிவு நூலைக் கூட்டிப் பெருக்கிவிடுங்கள். அது குஞ்சின் காலைச் சுற்றி இறுக்கும். விழுங்கினால் இரைப்பையை அடைக்கும்.

இனி சங்கங்களுக்கு. குஞ்சுக்குக் கடன் தந்து இரண்டாம் கூட்டிற்குத் தாராதிருப்பது, நூலைக் கொடுத்துத் தறியை மறுப்பதற்கு ஒப்பாகும். கடன் தொகை பெருகுமே என்பர் செயலாளர்கள். மூங்கிற் பஞ்சாரம் ஒன்றும் சிறிது கம்பி வலையும் எவ்வளவு ஆகிவிடும்? தவறிய ஐந்து கடன்களின் நிலுவையோடு அதனை ஒப்பிட்டுப் பார்க்கட்டும். இரண்டாம் கூட்டைக் கண்ணால் கண்ட பின்னரே குஞ்சுக்கான தொகையை வழங்கவேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

அந்த அம்மையார் மீண்டும் விண்ணப்பித்திருக்கிறார். தவணை தவறியவர் என்று நிர்வாகக் குழு அதனை ஒத்திவைத்துள்ளது. கூட்டின் செலவையும் சேர்த்துக் கடன் வழங்குமாறு நமது ஆய்வுக் குறிப்பில் எழுதியிருக்கிறோம்.