அரண்மனை மேட்டு அகழாய்வில் பணிபுரியும் தினக்கூலிப் பணியாளர்களுக்குச் சம வேலைக்குச் சம ஊதியம் வழங்கக் கோரும் மனு

பெறுநர்: அகழாய்வுப் பணிக்குப் பொறுப்பான இயக்குநர் அவர்கள்.
நகல்: மாவட்ட ஆட்சியர் அவர்கள்.
பார்வை: 1) களப் பணியாளர் சங்கத்தின் முந்தைய மனுக்கள். 2) உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, நாள் 26.10.2016.

ஐயா,

மேற்படி அரண்மனை மேட்டில் மண் அள்ளுவது முதல் பானையோடு கழுவுவது வரை எல்லா வேலைகளையும் செய்யும் தினக்கூலிப் பணியாளர்கள் இச்சங்கத்தின் உறுப்பினர்கள்.

கோரிக்கை 1. இம்மனுவில் புதிய செய்தி ஏதும் இல்லை. சென்ற பருவத் தொடக்கத்தில் அளிக்கப்பட்ட மனுவிலும், மழைக்காகக் களம் மூடப்படுவதற்கு முன் அளிக்கப்பட்ட நினைவூட்டலிலும் கூறப்பட்டதே இங்கும் கூறப்படுகிறது. அவற்றுக்குப் "பரிசீலனையில் உள்ளது" என்ற ஒற்றை வரிக்கு மேல் பதில் வராததால், பரிசீலிப்பவர்கள் பழைய கோப்பைத் தேடும் சிரமம் நேராதிருக்க, அனைத்தும் முழுமையாக மறுபடியும் எழுதப்படுகிறது. கோரப்படுவது இதுதான்: களத்தில் நிலையான பணியிடத்தில் இருப்பவர் செய்யும் அதே வேலையைச் செய்யும் தினக்கூலிப் பணியாளரைத் திறன் பெறாத கூலியாள் என்ற பட்டியலிலிருந்து நீக்கி, அந்தப் பணியிடத்துக்குரிய ஊதிய விகிதத்தின் குறைந்தபட்ச அளவிலாவது ஊதியம் வழங்க வேண்டும்.

பஞ்சாப் அரசு எதிர் ஜக்ஜித் சிங் வழக்கில் 26.10.2016 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், சம வேலைக்குச் சம ஊதியம் என்ற கொள்கை தினக்கூலி, தற்காலிக, ஒப்பந்தப் பணியாளர்களுக்கும் பொருந்தும் என்று கூறியுள்ளது. வேலை ஒன்றுதான் என்று காட்டும் பொறுப்பு கோருபவரையே சாரும் என்பதையும் அதே தீர்ப்பு வலியுறுத்துவதால், களத்தில் நாள்தோறும் நடப்பதை விரிவாக எடுத்துரைப்பது தவிர்க்க இயலாததாகிறது.

அரண்மனை என்றவுடன் தூண்களையும் மண்டபங்களையும் எதிர்பார்த்து வருவோர்க்கு இம்மேட்டில் கிடைப்பது ஏமாற்றமே. கோயில்கள் கல்லால் எழுப்பப்பட்டு நிலைத்திருக்க, செங்கல்லாலும் மரத்தாலும் கட்டப்பட்ட அரண்மனைகள் சரிந்தன. சரிந்தவற்றின் செங்கற்களையும் பிற்காலத்தார் வீடு கட்டப் பெயர்த்துச் சென்றனர். கங்கைகொண்டசோழபுரத்து மாளிகைமேட்டில் 1980களில் தொடங்கிய அகழாய்வுகளில் இராசேந்திர சோழனின் அரண்மனையாகக் கருதப்படும் கட்டடத்தின் செங்கற் சுவர்ப் பகுதிகளும், கூரை ஓடுகளும், இரும்பு ஆணிகளும், சீனப் பீங்கான் துண்டுகளுமே வெளிப்பட்டன. இத்தகைய களத்தில் சுவரைத் தேடுவது என்பது பெரும்பாலும் சுவர் இருந்த இடத்தைத் தேடுவதாகும். செங்கல் பெயர்க்கப்பட்ட பள்ளத்தில் பின்னர் நிரம்பிய மண், சுற்றியுள்ள மண்ணைவிடச் சற்றுத் தளர்ந்தும், சுண்ணாம்புக் காரையின் பொடியும் செங்கல் நொறுங்கலும் கலந்தும் இருக்கும். கரணையின் நுனி அதில் இறங்கும்போது கைக்குத் தெரியும் நெகிழ்வே முதல் சான்று. அதைக் கவனியாமல் மண்வெட்டியை ஓங்கினால், வரைபடத்தில் ஏறியிருக்க வேண்டிய ஒரு சுவர் அன்றைக்கே மண்ணோடு கலந்து கொட்டுமேட்டுக்குப் போய்விடும். அதை எந்த அறிக்கையாலும் மீட்க இயலாது.

காலையில் வெயில் சாய்வாக விழும் நேரத்திற்குள் குழியின் பக்கச் சுவரைச் செதுக்கி, அதன்மேல் நீர் தெளித்து, மண்ணடுக்குகளின், அதாவது வெவ்வேறு காலங்களில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த மண் படிவுகளின், நிறவேறுபாட்டை வெளிக்கொணர்வது இப்பணியாளர்களே. நூல் கட்டி, தூக்குக்குண்டு விட்டு, குழிகளுக்கிடையே தோண்டாமல் விடப்படும் குறுக்குத் தடுப்பு சரியாமல் காப்பதும் அவர்களே. தரையில் கிடக்கும் ஓட்டுத்துண்டு விழுந்த நிலையிலேயே கிடக்கிறதா, பின்னாளில் நிரவப்பட்டதா என்று பார்த்து, ஆய்வாளர் வரும்வரை அதை அசைக்காமல் விடுவதும், சலித்த மண்ணிலிருந்து மணியையும் ஆணியையும் பிரித்துக் குழி எண், அடுக்கு, ஆழம், தேதி குறித்த சீட்டுடன் பையிலிடுவதும், பானையோட்டைக் கழுவி, துருவேறிய இரும்பை மட்டும் கழுவாமல் ஒதுக்குவதும் அவர்களே. நிலையான பணியாளர் விடுப்பில் இருக்கும் நாட்களில் இவ்வேலைகள் ஒன்றுகூட நின்றதில்லை என்பதைக் களக் குறிப்பேடுகளே காட்டும். அவை அலுவலகத்தின் பொறுப்பில்தான் உள்ளன. பல பருவங்களாக இதைச் செய்பவரும், நேற்று வந்து மண் சுமப்பவரும் வருகைப் பதிவேட்டில் ஒரே வகையில், ஒரே கூலியில் எழுதப்படுவது திறனை மறுப்பதாகும்.

இக்கோரிக்கைக்கு மறுமொழியாக, 2006ஆம் ஆண்டு உமாதேவி வழக்கில் அரசியல் சாசன அமர்வு அளித்த தீர்ப்பு வாய்மொழியாகச் சுட்டப்படுகிறது. முறையான தேர்வின்றி நியமிக்கப்பட்டோர் பணி நிரந்தரத்தை உரிமையாகக் கோர இயலாது என்பது அதன் சாரம். இச்சங்கம் பணி நிரந்தரம் கோரவில்லை. கேட்கப்படாத ஒன்றை மறுக்கும் தீர்ப்பைக் காட்டி, கேட்கப்பட்டதை மறுப்பது முறையன்று. உமாதேவி தீர்ப்பு வெளிவந்து பத்தாண்டுகளுக்குப் பின் வந்ததே ஜக்ஜித் சிங் தீர்ப்பு என்பதும் கருதத்தக்கது.

கோரிக்கை 2. குழியருகே நிழற்பந்தலும் குடிநீரும் ஏற்பாடு செய்யப்பட வேண்டும்.

கோரிக்கை 3. பெண் பணியாளர்களுக்குக் கழிப்பறை வசதி செய்யப்பட வேண்டும்.

கோரிக்கை 4. முதலுதவிப் பெட்டியும், ஆழக் குழிகளில் இறங்க உறுதியான ஏணியும் வழங்கப்பட வேண்டும்.

கோரிக்கை 5. அகழாய்வு அறிக்கையில் களப் பணியாளர் பெயர்களும் இடம்பெற வேண்டும்.

இரண்டு முதல் ஐந்து வரையுள்ளவற்றை ஏற்றுக்கொண்டு முதற் கோரிக்கையைக் கிடப்பில் போடும் பதிலை, பதிலாகக் கொள்ள இச்சங்கத்தால் இயலாது. ஆகவே, களக் குறிப்பேடுகளையும் வருகைப் பதிவேட்டையும் ஒப்பிட்டு, யார் எந்த வேலையைச் செய்தனர் என்பதைச் சங்கப் பிரதிநிதிகள் முன்னிலையில் சரிபார்த்து, இப்பருவத்தின் பணி முடிவடைவதற்குள் முதற் கோரிக்கை மீது எழுத்துப்பூர்வமான ஆணை பிறப்பிக்குமாறும், மறுப்பதாயின் அதற்கான காரணத்தை எழுத்தில் தெரிவிக்குமாறும் தங்களை இச்சங்கம் கேட்டுக்கொள்கிறது.

இங்ஙனம்,
செயலாளர்,
களப் பணியாளர் சங்கம்.