விலைச்சீட்டு வெயிலைத் தடுக்காது

மாத்தளையில் கண் பரிசோதனை முகாம் நடந்தால் இறுதியில் ஒரு பேச்சு கட்டாயம் இருக்கும். கோயில் மண்டபம், பாடசாலை, எல்கடுவப் பக்கத்துத் தோட்டம் என்று இடம் மாறும், பேச்சு மாறாது. கண்ணாடிக் கடையிலிருந்து வந்தவர் ஒலிவாங்கியைப் பிடித்து, "கண்ணு விஷயத்துல மட்டும் காசு பாக்காதீங்கம்மா. ரோட்டுல விக்கிற மலிவுக் கண்ணாடியப் போடுறதுக்கு வெறுங்கண்ணோட போறது எவ்வளவோ மேல்" என்பார். கேட்டிருக்கும் பெண்கள் தலையாட்டுவார்கள். பிறகு மேசையில் பரப்பி வைத்திருக்கும் கண்ணாடிகளின் விலையைக் கேட்பார்கள். கேட்டுவிட்டு, வந்தபடியே வெறுங்கண்ணோடு வெயிலில் இறங்கிப் போவார்கள்.

பல வருடங்களாக இந்த வாசகத்தைக் கேட்டு வருகிறேன். இப்போது அது பத்திரிகைகளின் சுகாதாரப் பக்கங்களிலும் வாட்ஸ்அப் செய்திகளிலும் மருத்துவ உண்மையாகவே உலவுகிறது. ஒற்றைத் தலைவலியும் அதோடு வரும் கண்கூச்சமும் உள்ளவன் என்ற முறையில், இனியும் இதைக் கேட்டுக்கொண்டு பேசாமலிருக்க என்னால் முடியாது.

வெறுங்கண்ணோடு போவது மேல் என்று எந்த ஊரில் நின்று சொல்கிறார்கள்? மாத்தளை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏழரைப் பாகையில் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 5 முதல் 14 வரை சூரியன் இலங்கைக்கு நேர் மேலே உச்சம் கொடுக்கும் என்று வளிமண்டலவியல் திணைக்களம் அறிவிக்கிறது. ஓகஸ்ட் இறுதியிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் அது மறுபடி நிகழ்கிறது. மலையில் ஆயிரம் மீற்றர் ஏறினால் புறஊதாக் கதிர் சுமார் 10 வீதம் கூடும். மெல்லிய மேகம் அதைப் பெரிதாக மறைக்காது. கண்ணின் வெள்ளையில் சதை வளர்வதற்கும் கண்புரை வருவதற்கும் இந்தக் கதிர் ஒரு காரணம் என்பது கண் மருத்துவம் நெடுங்காலமாகச் சொல்லி வருவது. தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் மரக்கறி மூட்டை இறக்குபவரிடமும், நாள் முழுக்க மலையில் கொழுந்து பறிப்பவரிடமும் போய், விலையுயர்ந்ததை வாங்க முடியாவிட்டால் ஒன்றுமே போடாதே என்று சொல்வது அக்கறையான ஆலோசனையா?

அவர்கள் சொல்லும் காரணம் இதுதான்: கறுப்பு நிறத்தால் கண்மணி விரியும்; கண்ணாடியில் புறஊதாத் தடுப்பு இல்லாவிட்டால், விரிந்த கண்மணி வழியே கதிர் கூடுதலாக உள்ளே போகும். தடுப்பு இல்லாவிட்டால் என்ற நிபந்தனையில்தான் முழு வாதமும் நிற்கிறது. மலிவான கண்ணாடியில் தடுப்பு இல்லை என்று யார் அளந்து காட்டினார்கள்? முகாம் மேடையில் ஒருவரும் காட்டி நான் பார்த்ததில்லை. விலை குறைவு, ஆகவே தடுப்பு இல்லை என்று தாமாகவே முடிவு கட்டிவிட்டு, கண்மணி விரிவதை மட்டும் பயமுறுத்தும் குரலில் விவரிக்கிறார்கள்.

புறஊதாக் கதிரை எது தடுக்கிறது என்று பார்ப்போம். நிறம் தடுப்பதில்லை, பெயரும் தடுப்பதில்லை. வில்லை செய்யப்பட்ட பொருளும் அதில் கலந்திருப்பதும்தான் தடுக்கின்றன. மலிவுக் கண்ணாடிகளில் பல பொலிகாபனேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. ஏறத்தாழ 380 நனோமீற்றர் வரையான புறஊதாக் கதிரை விழுங்கிவிடுவது அந்தப் பிளாஸ்டிக்கின் இயல்பு. சாயமே போடாத, தண்ணீர்போல் தெளிந்த பொலிகாபனேட் வில்லையும் அதைச் செய்யும். 400 வரையுள்ள மிச்சத்தைத் தடுக்க, பிளாஸ்டிக்கை வார்க்கும்போதே உறிஞ்சும் பொருள் ஒன்றைச் சிறிதளவு கலக்கிறார்கள். யூவி 400 என்ற ஒட்டுத்தாள் சொல்வது அதைத்தான். கண்ணாடியின் விலையைப் பத்து மடங்காக்கும் வேலை அல்ல அது. மறுபக்கம், அசல் கண்ணாடி என்று பெரியவர்கள் போற்றும் கனத்த, நிறமற்ற சாதாரணக் கண்ணாடி வில்லை, 320 நனோமீற்றருக்கு மேற்பட்ட கதிரில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். பாதையோரத்துப் பொலிகாபனேட் அதைவிட நன்றாகக் காக்கிறது.

அமெரிக்கக் கண் மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்கன் அகடமி ஒஃப் ஒப்தல்மொலஜி பொதுமக்களுக்குச் சொல்லும் அறிவுரையும் இதற்கு ஒத்ததுதான்: அதிகம் செலவழிக்கத் தேவையில்லை, முழுப் புறஊதாத் தடுப்பு உண்டு என்ற குறிப்பைப் பாருங்கள். நம் ஊர் மேடைகளுக்கு இந்த வரி மட்டும் வந்து சேரவேயில்லை.

அப்படியானால் அந்தப் பெரிய விலை எங்கே போகிறது? இத்தாலியின் அகோர்டோ என்ற மலையூரில் 1961இல் லியொனார்டோ டெல் வெக்கியோ தொடங்கிய லக்ஸொட்டிக்கா நிறுவனம் 1999இல் ரேபேனை வாங்கியது. 2007இல் ஓக்லியை வாங்கியது. பிராடா, ஷனெல், வெர்சாச்சே என்ற ஆடை நிறுவனங்களின் பெயர்களில் வரும் கண்ணாடிகளையும் உரிமம் பெற்று அதுவே செய்கிறது. 2018இல் வில்லை செய்யும் பிரெஞ்சு நிறுவனமான எசிலோரோடு அது இணைந்தது. செய்வதும் அவர்கள், சங்கிலிக் கடைகளில் விற்பதும் அவர்கள். வாங்குபவர் கொடுக்கும் பணத்தில் எவ்வளவு பிளாஸ்டிக்குக்கு, எவ்வளவு காலில் பொறித்த பெயருக்கு என்று கடைக்காரரிடம் கேளுங்கள். 2022 நெருக்கடியில் டொலர் சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறியபோது இறக்குமதிப் பொருள் எல்லாவற்றின் விலையும் துள்ளியது. வில்லையின் புறஊதாத் தடுப்பு அதனால் ஒரு புள்ளியாவது கூடியதா?

கண்ணுக்குக் காசு பார்க்கக் கூடாது என்ற தத்துவத்துக்கு வருகிறேன். என்னை மிகவும் உறுத்துவது இதுதான். இந்தத் தத்துவத்தைப் பொய்யாக்கிய மனிதர் தமிழ்நாட்டில் வாழ்ந்தார். டொக்டர் கோ. வெங்கடசுவாமி 1976இல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். மூட்டுவாதத்தால் கோணிப்போன விரல்களோடு சத்திரசிகிச்சை செய்தவர் அவர். கண்புரை எடுத்த கண்ணுக்குள் வைக்கும் செயற்கை வில்லை அப்போது வெளிநாட்டிலிருந்து வந்தது. ஏழை நோயாளிக்கு அது எட்டாத விலை. விலை கூடியதுதான் பாதுகாப்பு என்று அவர்கள் நினைத்திருந்தால், வசதியுள்ளவருக்கு மட்டும் வில்லை வைத்துவிட்டு, மற்றவர்களைத் தடித்த கண்ணாடியோடு வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். 1992இல் அரவிந்த் மதுரையிலேயே அவ்ரோலேப் என்ற தொழிற்சாலையைத் தொடங்கி, அந்த வில்லையைத் தானே செய்தது. இறக்குமதி விலையில் ஒரு சிறு பங்குக்கு வில்லை கிடைத்தது. இன்று பல நாடுகளின் கண் மருத்துவர்கள் அதை வாங்குகிறார்கள். அது மூக்கின்மேல் வைத்துக் கழற்றும் பொருளல்ல. கண்ணைத் திறந்து உள்ளே வைத்து, ஆயுள் முழுக்க அங்கேயே விடுகிற பொருள். அதையே மலிவாகவும் தரமாகவும் செய்ய முடிந்தது, ஒருவர் கணக்குப் பார்த்ததால்தான். பொருளின் உற்பத்திச் செலவு என்ன, மீதி எதற்கு என்று கேட்டதால்தான். காசு பார்க்காதே என்று சொல்லியிருந்தால் எத்தனையோ பேர் இருட்டிலேயே இருந்திருப்பார்கள்.

நம் நாட்டுக்கும் இதில் பெருமை உண்டு. டொக்டர் ஹட்சன் சில்வா 1961இல் நிறுவிய இலங்கைக் கண் தானச் சங்கம் 1964 முதல் உலகின் பல நாடுகளுக்குக் கருவிழிகளைத் தானமாக அனுப்பி வருகிறது. கண்ணையே விலையில்லாமல் கொடுக்கும் நாட்டில், ஒரு துண்டுப் பிளாஸ்டிக்குக்கு ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் கொடுத்தால்தான் கண் தப்பும் என்று தோட்டத் தொழிலாளிக்குச் சொல்கிறார்கள். 2024இல் அவருடைய அடிப்படை நாட்சம்பளம் உயர்ந்தும் 1,350 ரூபா வரைதான் போனது. அதை அறிந்துகொண்டே சொல்கிறார்கள்.

கறுப்பு கூடினால் கூச்சம் குறையும் என்பது அடுத்த கதை. ஐரோப்பியத் தரவிதியில் வெயில் கண்ணாடிக்கு 0 முதல் 4 வரை ஐந்து வகுப்புகள் உண்டு. மூன்றாம் வகுப்பு 8 முதல் 18 வீத ஒளியை விடும். நம் வெயிலுக்கு அது போதும். நான்காம் வகுப்பு 3 முதல் 8 வீதம் மட்டுமே விடும். அதைப் போட்டுக்கொண்டு வாகனம் ஓட்டக் கூடாது என்று அந்த விதியே சொல்கிறது. நாவுலவிலிருந்து வரும் ஏ9 வீதியில் சுட்டெரிக்கும் வெயிலும் மரநிழலும் மாறி மாறி வரும். அங்கே நான்காம் வகுப்போடு ஓட்டோ ஓட்டுபவருக்கு நிழலில் நடக்கும் ஆளே தெரியாமல் போகலாம். இன்னொன்றையும் விற்பவர்கள் சொல்வதில்லை. வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடியோடு இருந்தால் கண் இருட்டுக்குப் பழகி, கூச்சம் கூடும். ஒற்றைத் தலைவலிக்காரருக்கு இளஞ்சிவப்புச் சாயமிட்ட எஃப்எல் 41 என்ற வில்லை உதவும் என்று 1991இல் இங்கிலாந்தில் சிறுவர்களிடம் நடந்த ஆய்வு காட்டியது. அது கருங்கறுப்பு அல்ல. கூச்சத்தைக் கிளறும் நீலப்பச்சை ஒளியைக் குறிவைத்துக் குறைக்கும் சாயம்.

பொலரைஸ்ட் வாங்குங்கள் என்பதற்கு ஒரு வரி போதும்: ஈரப் பாதையிலும் குளத்து நீரிலும் பட்டுத் தெறிக்கும் பளபளப்பை அது குறைக்கும், புறஊதாத் தடுப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கறுப்புக் கண்ணாடி பவுசுக்கு என்று கேலி செய்பவர்களுக்கும் ஒரு வரி. கலைஞர் கருணாநிதி பல பத்தாண்டுகள் அதைப் போட்டது கண்ணில் பட்ட காயத்தால்.

பெயர்பெற்றது நீடித்து உழைக்கும் என்கிறார்கள். கண்ணாடி எங்கே உடைகிறது என்று பார்த்தால் இது நிற்காது. பிணைச்சலின் சிறு ஆணி கழன்று விழும். வியர்வை உலோகத்தை அரிக்கும். வாகனத்தின் முன்தட்டில் வெயிலில் கிடந்து பிளாஸ்டிக் வளையும். புழுதியோடு சேலைத் தலைப்பால் துடைப்பதால் வில்லை கீறும். டீட் கலந்த நுளம்பு மருந்து கையில் இருக்கும்போதே வில்லையைத் தொட்டால் அது பிளாஸ்டிக்கை அரிக்கும். பெயரைப் பார்த்து இவற்றில் ஒன்றும் விலகிப் போகாது. முதலில் தண்ணீரில் கழுவிப் பிறகு துடைப்பது, ஆணியில் ஒரு சொட்டு நகப்பூச்சு வைப்பது, பின்னால் கயிறு கட்டுவது: நீடிப்பது இவற்றால்.

உழைக்கும் ஆளுக்கு உகந்தது ஹார்ட்வெயார் கடையில் தொங்குகிறது. தொழிற்சாலைப் பாதுகாப்புக் கண்ணாடியில் புகைநிறம் போட்டது. பொலிகாபனேட் வில்லை, நைலோன் சட்டகம், பக்கவாட்டு ஒளியையும் மறைக்கும் வளைவு. கூசும் கண்ணுக்கு அந்த வளைவு வில்லையளவு முக்கியம்; பக்கத்திலிருந்து நுழையும் வெளிச்சம் எவ்வளவு நல்ல வில்லையையும் வீணாக்கும். வில்லையில் ஈஎன் 166 தரத்தின் குறி பொறித்திருந்தால் 5-2.5 அல்லது 5-3.1 என்ற இலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள்; முதலாவது எண் வெயில் வடிப்பான் என்பதையும் இரண்டாவது எண் கறுப்பின் அளவையும் சொல்லும். வயலில் நெல்லடிக்கும்போது பறக்கும் பதரும் புல்வெட்டும்போது தெறிக்கும் கல்லும் கருவிழியைக் கிழிக்காமலும் அது காக்கும். தெற்காசியாவில் கருவிழிப் புண்ணுக்கு வயல் காயங்கள் பெரிய காரணம். இந்தக் கண்ணாடியை எந்த முகாம் மேசையிலும் நான் பார்த்ததில்லை. அதில் இலாபம் இல்லை.

இந்த வியாபாரப் பேச்சில் மன்னிக்க முடியாதது ஒன்று இருக்கிறது. கண் கூசுகிறது என்று ஒருவர் சொன்னதும் கண்ணாடியைக் காட்டுகிறார்கள். கூச்சம் ஓர் அறிகுறி. கண்ணுக்குள் அழற்சி, கருவிழியில் காயம், கண் வறட்சி, ஒற்றைத் தலைவலி என்று அதற்குக் காரணம் பல. கண் சிவந்து, வலித்து, பார்வை மங்கி, கூடவே கூசினால் அன்றே அரச வைத்தியசாலையின் கண் பிரிவுக்குப் போக வேண்டும். அங்கே பணம் கேட்க மாட்டார்கள். முகாமில் வாங்கிய கண்ணாடிக்குள் சிவப்பை மறைத்துக்கொண்டு இரண்டு வாரம் கடத்துபவர் பார்வையையே இழக்கக்கூடும்.

சில அக்ரிலிக் வில்லைகள் கதிரை விட்டுவிடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதைக் கண்டுபிடிக்கவும் வழி இருக்கிறது. நோட்டைச் சரிபார்க்கக் கடைக்காரர் வைத்திருக்கும் ஊதா டோர்ச்சின் வாயில் வில்லையை வைத்து 5,000 ரூபா நோட்டில் அடித்துப் பார்ப்பது முதற்சோதனை. துல்லியமாக அளக்கும் சிறு கருவி பல கண்ணாடிக் கடைகளில் ஏற்கெனவே இருக்கிறது. தங்கள் வில்லையை விற்க அதைக் காட்டவும் செய்கிறார்கள். அடுத்த முகாமுக்கு அந்தக் கருவியைக் கொண்டுவரட்டும். வந்திருப்பவர்கள் போட்டிருக்கும் மலிவுக் கண்ணாடிகளையும் மேசையிலுள்ள பெயர்பெற்ற கண்ணாடிகளையும் ஒவ்வொன்றாக எல்லோர் முன்னிலும் அளக்கட்டும். இலக்கத்தையும் விலையையும் ஒரே தாளில் எழுதி மண்டபத்துச் சுவரில் ஒட்டட்டும்.