ஊதாங்குழலுக்கு ஓய்வு

எங்கள் ஆயா வீட்டு அடுப்பை இடித்துவிட்டோம்!

வீடு வல்லம் வடகாலில். ஸ்ரீபெரும்புதூர்-ஒரகடம் பக்கம் ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கு ஊர் தெரிந்திருக்கும். 2017-ல் இங்கே ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலை வந்தது. 2024 ஆகஸ்டில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குகிற மாதிரி சிப்காட் விடுதியே திறந்தார்கள். இத்தனைக்கும் நடுவில், ஆயா மட்டும் வேலிகாத்தான் விறகை உள்ளே தள்ளி ஊதிக்கொண்டிருந்தார்.

தூக்கி நகர்த்துகிற அடுப்பு இல்லை சார் அது. சுவரோடு சேர்த்துக் கட்டிய மேடை. தலைக்கு மேலே புகைக்கூண்டு. பெரிய அடுப்பில் சோறு கொதிக்கும்போது, அந்த மிச்சச் சூட்டிலேயே பக்கத்துக் கொடியடுப்பில் குழம்பு ஓசியில் கொதித்துவிடும். பி.காம். படித்தவன் சொல்கிறேன், இந்தச் சிக்கனம் எங்கள் காஸ்டிங் புத்தகத்தில்கூடக் கிடையாது!

தகராறு இருமலில் ஆரம்பித்தது. எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், "பாட்டிக்கு சுருட்டுப் பழக்கம் உண்டா?" என்றார். ஆயா என்னை முறைத்தார், ஏதோ நான்தான் வாங்கிக் கொடுத்த மாதிரி. வீட்டுக்குள் சூழும் புகையால் 2020-ல் மட்டும் உலகத்தில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. புகைக்கூண்டு இருக்கிறதே என்பீர்கள். இருந்தது. அதில் அணில் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.

குடும்ப சபை கூடியது. பெரிய மாமா, "விறகடுப்பு மீன் குழம்பு கேஸ்ல வருமா?" என்று உருகினார். நானும் தலையாட்டினேன். ஆயா எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"டேய், அறுவது வருசமா நான் ஊதினேன். உங்கள்ல ஒருத்தன் ஒரு நாளாவது வந்து குந்தி ஊதனீங்களாடா?"

சபை கலைந்தது.

கொத்தனார் வந்து தட்டிப் பார்த்தார். "தம்பி, கூண்டுச் சுவத்து மேலதான் உத்தரமே குந்திகினு இருக்குது. அதைத் தொட்டா ஓடு, மரம் அல்லாம் உங்க தலையிலதான்." ஆகவே மேடையை மட்டும் இடித்து, கூண்டின் வாயைத் தகரத்தால் மூடி, கிரானைட் மேடை போட்டோம். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார்: "புகை நின்னா கரையான் வரும். கைமரத்துக்கு மருந்தடிங்க." இத்தனை வருஷம் மரத்தைக் காப்பாற்றியதும் அந்தப் புகைதான். அதற்கும் ஒரு செலவு எழுதிக்கொண்டேன்.

முதல் நாள் காலை. பால் பொங்க வந்தது. ஆயா தீயைச் சின்னதாக்கினார். தீ சின்னதானால் அறுபது வருஷப் பழக்கம் என்ன செய்யும்? குனிந்து, 'ஃபூ...' என்று ஒரே ஊது! அணைந்தது.

"நைனா, தீ போச்சு. பொட்டி எடு."

எடுத்தேன். குச்சியையும் உருவிவிட்டேன். அப்போதுதான் அந்த அழுகின நாற்றம் மூக்கில் ஏறியது. கேஸுக்குச் சொந்த வாசனை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் மெர்காப்டன் கலக்கிறார்கள். அந்த நாற்றத்துக்கு ஒரு கும்பிடு! குச்சியைக் கீழே போட்டு, அடுப்பையும் ரெகுலேட்டரையும் மூடி, கதவை விரியத் திறந்து, ஆயாவைத் திண்ணைக்கு இழுத்து வந்தேன். சுவிட்சைத் தொடவில்லை. கை மட்டும் வெகுநேரம் ஆடிக்கொண்டே இருந்தது.

கொத்தனாரை மறுபடி கூப்பிட்டோம். புகை மேலே போகும். சமையல் கேஸோ காற்றைவிடக் கனம், தரையில் படுக்கும். எங்கள் சமையலறையில் இருந்த ஒரே ஜன்னல் என் தலைக்கு மேலே. தரையை ஒட்டிச் சுவரில் ஓட்டை போட்டு வலை அடித்தார்.

"முதல்லயே சொல்லக்கூடாதாண்ணே?"

"நீங்க அடுப்பைத்தானே மாத்தச் சொன்னீங்க?"

ஊதாங்குழலை ஆயாவே என்னிடம் நீட்டினார். "எடுத்துகினு போய்டு. கண்ல பட்டா ஊதத் தோணுது." இப்போது அது என் மேஜையில், பேனாக்களுக்குப் பக்கத்தில்.

போன ஞாயிறு பெரிய மாமா வந்தார். கூடத்தில் உட்கார்ந்து மூன்று முறை குழம்பு கேட்டு வாங்கினார். விரலை நக்கியபடி, "அம்மா, இன்னும் அடுப்ப இடிக்கல போல. இந்த ருசி கேஸ்ல வருமா?" என்றார்.

ஆயா பதில் சொல்லவில்லை. தலைத் துண்டமாகப் பார்த்து இன்னொன்று போட்டார்.