செயினுக்கு ஆயில் போட டிகிரி தேவையில்லை

நம்ம ஹாஸ்டல் சைக்கிள் ஸ்டாண்டுல நிக்குற வண்டிகள்ல நிறைய ஓடாத வண்டிகள். உடைஞ்சு போனதால இல்லை. டயர்ல காத்து இல்லை, செயின்ல துரு, பிரேக் கட்டை தேஞ்சிருக்கு, அவ்வளவுதான். ஒரு மணி நேர வேலை. சுத்தி இத்தனை வருங்கால இன்ஜினியர்கள் இருந்தும் செய்ய ஆள் இல்லை.

செயின் டிரைவ் பத்தி பரீட்சையில பக்கம் பக்கமா எழுதுறோம். அதே செயின் கறகறன்னு கத்தினா, "விடு மச்சி, கடையில பாத்துக்கலாம்" என்கிறோம். இது வெறும் சோம்பேறித்தனம்னு நான் நினைக்கலை. கையில கிரீஸ் ஒட்டுற வேலை நம்ம வேலை இல்லைங்கிற எண்ணம் உள்ளே எங்கேயோ இருக்கு. அதுதான் பிரச்சினை.

உண்மையில செய்ய வேண்டியது ரொம்பக் கம்மி. பழைய டூத் பிரஷ்ஷும் டீசல் நனைச்ச துணியும் எடுத்து செயினைத் தேய்ங்க. நல்லா காய்ஞ்சதும் பெடலைப் பின்னாடி சுத்திக்கிட்டே ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு ஆயில். அஞ்சு நிமிஷம் கழிச்சு வெளியே இருக்குற ஆயிலைத் துடைச்சிடணும். ஆயில் வேண்டியது உள்ளே உராயுற இடத்துக்கு, வெளியே இருந்தா மண்ணைத்தான் பிடிக்கும். தேங்காய் எண்ணெய் ஊத்துனா பிசுபிசுன்னு ஆகி இன்னும் மோசம். ரிம்ல மட்டும் ஒரு சொட்டு கூடப் படக்கூடாது. பட்டா பிரேக் பிடிக்காது.

"செயின் நீண்டுடுச்சு"ன்னு சொல்லுவோம் இல்லையா? பெரும்பாலும் இரும்பு நீளுறது இல்லை. உள்ளே இருக்குற பின்னும் புஷ்ஷும் தேயுது. அளக்க ஒரு ஸ்கேல் போதும். ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் 12.7 மி.மீ., அதாவது அரை இன்ச். 24 கண்ணி சேர்ந்தா சரியா 12 இன்ச். அதுக்கு மேல 3 மி.மீ. போயிட்டா செயினை மாத்துங்க. விட்டா ஃப்ரீவீல் பல்லையும் சேர்த்துத் தின்னுடும், செலவு கூடும்.

டயர்ல எவ்வளவு காத்துன்னு டயரோட பக்கவாட்டுலேயே அச்சடிச்சிருக்கும். மழையில ஓட்டினா துடைச்சு வைங்க. பைக் வாஷ் பண்ற மாதிரி பிரஷர்ல தண்ணி அடிச்சா பேரிங்ல இருக்குற கிரீஸ் போயிடும். பெடலைக் கழட்டும்போது ஒண்ணு ஞாபகம் இருக்கட்டும்: இடது பெடலுக்கு மரை தலைகீழ்.

"நாமளே எல்லாம் செஞ்சா சைக்கிள் கடை அண்ணன் பொழப்பு என்னாகும்?"னு ஒரு கேள்வி வரும். வீல் கோட்டம் எடுக்கறது, பால்ரஸ் மாத்தறது எல்லாம் அவரோட கைப்பழக்கம். அது நமக்கு ஒரு நாள்ல வராது. ஓடுற வண்டிதான் அவர்கிட்ட திரும்பத் திரும்ப போகும். துருப்பிடிச்சு நிக்குற வண்டியால அவருக்கும் வருமானம் இல்லை.

நான் இதை இப்போ எழுதக் காரணம் இருக்கு. ஃபைனல் இயர் கிளம்பும்போது வருஷா வருஷம் சைக்கிளை அப்படியே விட்டுட்டுப் போறோம். அதுல சிலது பிளஸ் ஒன்ல அரசாங்கம் கொடுத்த சைக்கிள், ஒரு வீட்டுக்கு முதல் வண்டியா வந்தது. அதே நேரம் ஹாஸ்டல்ல இருந்து டிபார்ட்மெண்டுக்கு வெயில்ல நடக்குற ஃபர்ஸ்ட் இயர் பசங்களும் இங்கேதான் இருக்காங்க. கடைசியில அந்த வண்டி எடைக்குப் போகுது.

அதனால ரெண்டே கோரிக்கை. ஹாஸ்டலுக்கு ஒரு பம்ப், ஒரு ஸ்பானர் செட், ஒரு பஞ்சர் கிட் வாங்கி, கேட்டவங்க எடுக்குற மாதிரி வைக்கணும். அடுத்த கல்ச்சுரல்ஸ் பேனர்ல ஒண்ணைக் குறைச்சாலே காசு வந்துடும். ரெண்டாவது நம்ம பேட்சுக்கு: ரூமைக் காலி பண்றதுக்கு முன்னாடி உங்க சைக்கிளைத் துடைச்சு, ஆயில் போட்டு, காத்தடிச்சு, சாவியை ஒரு ஜூனியர் கையில கொடுங்க. பெட்டி கட்டுற அன்னைக்கு முடியாது. இந்த ஞாயித்துக்கிழமையே ஆரம்பிங்க.