வெறுங்கை என்பது இன்மையன்று

மோதி பாக்கில் நண்பர் ஒருவரின் குடியிருப்பில் ஞாயிறுதோறும் கூடி 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடுகிறோம். சென்ற வாரம் ஹரியானாவைச் சேர்ந்த தோழி மல்லர் பாத்திரம் ஏற்றார். அகாராவின் மண்ணைச் சிறுவயது முதல் பார்த்து வளர்ந்தவர். வாசற்காவலனைக் கொல்லாமல் தரையில் அமுக்கிவிட்டு உள்ளே நுழைவதே அவர் திட்டம். பகடையும் ஒத்துழைத்தது; பிடி கிடைத்தது. அடுத்த கணமே, பிடிபட்ட காவலன் அவரை வாளால் வெட்டினான். விதி அதற்கு இடமளிக்கிறது. "அடுத்த வாரம் கோடரி எடுத்துக்கொள்கிறேன்" என்றார் தோழி. இதைப் பகடையின் குற்றமாக நான் கருதவில்லை. விதிகளின் இலக்கணத்திலேயே குற்றம் இருக்கிறது.

நாங்கள் ஆடுவது 2014ஆம் ஆண்டுப் பதிப்பு. அதில் வெறுங்கை அடியின் சேதம் 1. வலிமைக்கேற்பச் சற்றுக் கூடும். பிடிபட்டவர் நகர இயலாது, அவ்வளவே, வாள்வீச்சுக்குத் தடையில்லை. தரையோடு அமுக்கத் தனித்திறன் ஒன்றைப் பெற வேண்டும். பெற்றாலும் அமுக்கியவரும் அமுக்கப்பட்டவரும் ஒருங்கே கட்டுண்டவராவர். 'கொல்லாமல் மயக்கலாமே' என்பீர்கள். அதற்கும் எதிரியின் உயிர்ப்புள்ளிகளைச் சுழியாக்கியாக வேண்டும்.

'எளிமைக்காகச் செய்தது' என்பது வழக்கமான விடை. 1979இல் கேரி கைகாக்ஸ் எழுதிய கைச்சண்டை விதிகளும், 2000ஆம் ஆண்டுப் பதிப்பின் மற்பிடி விதிகளும் ஆடுவோரைத் திணறடித்தன என்பது உண்மையே. ஆனால் எதை எளிமையாக்குகிறோம் என்பதும் ஒரு தேர்வுதான். அதே 2014 நூலில் கிளெய்வ், ஹால்பெர்ட் என இரண்டு ஆயுதங்கள் உள்ளன. சேதம், வீச்சு, பிடிக்கும் முறை அனைத்தும் ஒன்றே. இருப்பினும் பெயர் இரண்டு. குத்து, உதை, முட்டு ஆகிய மூன்றுக்குமோ 'ஆயுதமற்ற அடி' என்னும் ஒரே பெயர். பொருளில் வேறுபடாதவற்றுக்கு இரு சொல், வேறுபடுபவற்றுக்கு ஒரு சொல்! இத்தகைய அகராதியை மொழியியல் மாணவர் எவரும் ஏற்பாரா?

பெயரிலேயே சிக்கல் தொடங்குகிறது. ஆயுதத்தை இயல்பாகக் கொண்டு, உடலை அதன் இன்மையால் வரையறுக்கிறது அச்சொல். தமிழிலும் 'வெறுங்கை' உண்டு. ஆனால் சண்டைக்கு நாம் இட்ட பெயர்கள் மற்போர், கைகலப்பு. அவற்றில் இன்மை இல்லை. புறநானூற்றின் 80ஆம் பாடலில் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருவதைச் சாத்தந்தையார் காட்டுகிறார். ஒரு கால் மல்லனின் மார்பில் ஊன்றியிருக்க, மற்றொரு கால் அவன் சூழ்ச்சியைத் தடுத்து முதுகுப்புறம் வளைகிறது. அங்கே சேதக் கணக்கு இல்லை. இருவர் உடல்களின் நிலையே போர். அகாராவிலும் தோள்கள் மண்ணில் பட்டால் குஸ்தி முடிந்தது. தோற்றவர் எழுந்து வீட்டுக்குப் போகலாம். உயிரைக் கழித்துக் கணக்கிடும் விதிநூலால் இந்த வெற்றியைச் சொல்லவே முடியாது.

கைத்திறனுக்கு அவ்விளையாட்டு முதன்மையாக ஒதுக்கிய இடம் 'மங்க்'. 1975இன் 'பிளாக்மூர்' இணைப்புநூலில் அறிமுகமான கீழைத்தேயச் சாயல் கொண்ட துறவி அவர். உடலின் கல்வி மேற்கின் எந்தப் போர்வீரனுக்கும் இயல்பாக வாய்க்காதாம். அது தொலைதூர மர்மமாம்! 2024ஆம் ஆண்டுப் பதிப்பு சற்றே திருந்தியிருக்கிறது: பிடிபட்டவர் பிறரைத் தாக்குவது கடினம். பிடித்தவரை வெட்ட மட்டும் இன்றும் தடையில்லை.

'விளையாட்டுக்கு இவ்வளவு சினமா' என்று கேட்கும் ஆய்வாளத் தோழர்களுக்கு ஒன்று சொல்வேன். 'எழுத்தில்லா மொழி' என்று நாமும் கூசாமல் எழுதுகிறோம். அப்படி நாம் வகைப்படுத்தும் தோடாவின் பாடல்களுக்கென்றே எமனோ 1971இல் ஒரு பெருநூல் வெளியிட வேண்டியிருந்தது. இல்லாததைக் கொண்டு ஒன்றுக்குப் பெயரிட்டால், இருப்பதைத் தேடும் கடமையிலிருந்து நாம் விடுபட்டுவிடுகிறோம். விதிநூலாரின் பிழையும் நம் பிழையும் ஒன்றே.

வரும் ஞாயிறன்று எங்கள் மேசையில் விதியை மாற்றப் போகிறோம்: பிடிபட்டவர் முதலில் பிடியை விடுவிக்க வேண்டும், வாள் பிறகு. தோழியிடம் கோடரி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.