லினக்ஸ் பயில்வோர்க்கு வேண்டிய துணை

புனே நகரிலிருந்து சோலாப்பூர் செல்லும் நெடுஞ்சாலையில் ஹடப்சர் என்னும் பகுதி அமைந்திருக்கிறது. கரும்பு வயல்கள் நிறைந்திருந்த இடம் அது. நகரம் தங்கள் வயல்களை நெருங்கி வருவதைக் கண்ட ஏறக்குறைய 120 உழவர் குடும்பங்கள், நிலத்தைத் துண்டு துண்டாக விற்றுவிடாமல், சுமார் 400 ஏக்கரை ஒன்றுசேர்த்து, அவரவர் நில அளவுக்கு ஏற்பப் பங்கு பெறும் நிறுவனம் ஒன்றை அமைத்தன. 2000-ஆம் ஆண்டை ஒட்டிப் பணி தொடங்கிய மகர்பட்டா நகர் இவ்வாறு எழுந்ததாகும். பங்குரிமையோடு அவ்வுழவர்கள் நின்றுவிடவில்லை. கட்டட ஒப்பந்தம், பொருள் வழங்கல் போன்ற தொழில்களைப் பலர் கற்றுக்கொண்டு, தம் நிலத்தில் எழும் நகரை அமைக்கும் வேலையில் தாமே ஈடுபட்டனர். உரிமையும் பயிற்சியும் சேர்ந்தபோதே உடைமை பயன் தந்தது.

அதே மகர்பட்டா நகரின் சைபர்சிட்டியில், லினக்ஸைத் தொழிலாகக் கொண்ட ரெட் ஹாட் நிறுவனம் தன் அலுவலகம் ஒன்றை நிறுவிற்று. இந்திய மொழிகளுக்கான ‘லோகித்’ எழுத்துருக்களைப் பொதுப் பயனுக்கு அளித்தது இந்நிறுவனமே. அவற்றை உருவாக்கித் தந்தது புனேயைச் சேர்ந்த மாடுலர் இன்ஃபோடெக் ஆகும். தமிழ் உள்ளிட்ட பல மொழிகளுக்கு உதவும் இவ்வெழுத்துருக்கள் 2011-ஆம் ஆண்டில் திறந்த எழுத்துரு உரிமத்தின்கீழ்க் கொண்டுவரப்பட்டன. புதிதாக லினக்ஸை நிறுவும் தமிழாசிரியரின் திரையில் எழுத்துகள் பிழையின்றித் தோன்றுவதற்கு இத்தகைய உழைப்பே காரணம். ஆனால் எழுத்து திரையில் தோன்றுவது வேறு. அதனைக் கொண்டு ஆசிரியர் வினாத்தாள் ஒன்றைத் தயாரித்து அச்சிடுவது வேறு. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கடக்க, அருகிலிருந்து சொல்லித்தரும் ஒருவர் வேண்டும். அத்துணையை அளிப்பது பொதுக் கல்விப் பணியின் ஒரு பகுதியாகவே கருதப்பட வேண்டும்.

கணிப்பொறியின் உறுப்புகளை ஒழுங்குபடுத்தி, பிற மென்பொருள்கள் இயங்க இடமளிப்பது இயக்கமுறைமையாகும். 1991-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் தொடங்கிய முயற்சியை அறிவித்துப் பிறருடைய கருத்துகளைக் கேட்டார். ரிச்சர்டு ஸ்டால்மன் 1983-இல் அறிவித்த குனூ திட்டத்தின் கருவிகள் அதனோடு இணைந்து முழுமையான இயக்கமுறைமை ஒன்று உருவாயிற்று. எவரும் இதனைப் பயன்படுத்தலாம், ஆராயலாம், மாற்றலாம், பிறர்க்கு வழங்கலாம். இவ்வுரிமைகளை உரிமப் பத்திரமே அளிக்கிறது. ஆயினும், மாற்றத் தெரியாதவனுக்கு மாற்றும் உரிமையினால் விளையும் நன்மை யாது?

இக்கேள்வி இப்பொழுது அவசரமாகியிருக்கிறது. விண்டோஸ் 10 இயக்கமுறைமைக்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்துவந்த பொதுவான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றன. அடுத்த பதிப்பாகிய விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பைக் கோருகிறது. பெரும்பாலும் 2017-ஆம் ஆண்டுக்கு முற்பட்ட செயலிகள் அதன் ஏற்புப் பட்டியலில் இல்லை. பழுதின்றி ஓடும் கணிப்பொறிகள் பல, பள்ளிகளிலும் சிற்றலுவலகங்களிலும் இதனால் கழிபொருளாகும் நிலை ஏற்பட்டுள்ளது. அவற்றுள் பலவற்றை லினக்ஸ் மேலும் சில ஆண்டுகள் பயன்படச் செய்யும். ஆகவே, இதுவரை லினக்ஸைக் கண்டிராதவர்கள் அதனை நாடி வருவர். அவர்கள் முதல் வாரத்தில் பெறும் அனுபவத்தைப் பொறுத்தே அவர்கள் தங்குவதும் திரும்புவதும் அமையும்.

புதியவர் சந்திக்கும் இடையூறுகள் பெரும்பாலும் சிறியவை. கம்பியில்லா இணைப்பு கிடைக்காது, அச்சுப்பொறி அசையாது, பழைய தமிழ்க் கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கிலக் குறிகள் வரிசையாகத் தோன்றும். கடைசியாகச் சொன்னது தமிழ்நாட்டில் மிகுதியாகக் காணப்படுவது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடிக்கப்பட்ட கோப்புகளில் உண்மையில் இருப்பவை ஆங்கில எழுத்துகளின் எண்களே. அவ்வெழுத்துரு இருக்கும்வரைதான் அவை தமிழாகத் தோன்றும். தமிழ்நாட்டு அரசு 2010-ஆம் ஆண்டில் யூனிகோடு முறையை ஏற்றது. எனினும் அதற்கு முன்னும் பின்னும் பழைய முறையில் சேர்ந்த கோப்புகள் இன்னும் அலமாரியிலும் வட்டிலும் உள்ளன. அவற்றை யூனிகோடாக மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. காரணம் அறிந்த ஒருவர் அருகிலிருந்தால் பத்து நிமிட வேலை. அறிந்தவர் இல்லையெனில், ‘லினக்ஸில் தமிழ் வராது’ என்ற முடிவுக்குப் புதியவர் வந்துவிடுகிறார். குற்றம் ஓரிடத்தில், பழி வேறிடத்தில்.

உதவி செய்ய முன்வருவோர் இரு தவறுகளைச் செய்வதுண்டு. ஒருவர், ‘எல்லாம் கையேட்டில் இருக்கிறது, படித்துக்கொள்ளும்’ என்று கூறி ஒதுங்குகிறார். எந்தச் சொல்லைத் தேடுவது என்பதே புதியவருக்குத் தெரியாது என்பதை அவர் மறந்துவிடுகிறார். மற்றொருவர் நல்லெண்ணம் உடையவர். விசைப்பலகையைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டு, கட்டளைகளை மளமளவென்று அடித்து, யாவற்றையும் சரிசெய்துவிட்டுப் போய்விடுகிறார். அடுத்த இடையூறு வரும் நாளில் புதியவர் முன்போலவே கையற்றவராக நிற்கிறார். முதலாமவர் உதவவில்லை, இரண்டாமவர் கற்பிக்கவில்லை. விளைவு ஒன்றே.

இவ்விரண்டுக்கும் நடுவேயுள்ள வழி இந்நாட்டின் களப்பணியாளர்களுக்குப் புதியதன்று. 1952 அக்டோபர் 2-ஆம் தேதி 55 இடங்களில் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பெற்றபோது, புதிய விதையையும் உரத்தையும் துண்டுப்பிரசுரம் மட்டுமே பரப்பிவிடும் என்று எவரும் எண்ணவில்லை. கிராம சேவகர் உழவரின் வயலுக்கே சென்றார். ஒரு சிறு பாத்தியில், உழவரின் கையாலேயே நடச்செய்து, பக்கத்துப் பாத்தியின் விளைச்சலோடு ஒப்பிட்டுக் காட்டினார். செய்து காட்டல், செய்யச் செய்தல், மீண்டும் வந்து பார்த்தல் என்னும் மூன்றும் அம்முறையின் அடிப்படை. லினக்ஸ் பயிற்சிக்கும் இதனினும் சிறந்த முறை தேவையில்லை.

சோதனைப் பாத்திக்கு ஒப்பான வசதி லினக்ஸிலேயே இருக்கிறது. இயக்கமுறைமையை ஒரு யு.எஸ்.பி. நினைவுக்கோலில் பதிந்து, அதிலிருந்தே கணிப்பொறியை இயக்கலாம். நிறுவும்படி ஆணையிட்டாலன்றி உள்ளேயிருக்கும் வட்டில் மாற்றம் ஏதும் நேராது. இம்முறையில் வேகம் சற்றுக் குறையும்; ஆயினும் ஒலி, கம்பியில்லா இணைப்பு, அச்சுப்பொறி ஆகியவை இயங்குகின்றனவா என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்ளலாம். அதன் பிறகு கோப்புகளைப் புறவட்டில் படியெடுத்து வைத்தல் வேண்டும். அப்படியைத் திறந்து பார்த்த பின்னரே நிறுவலைத் தொடங்குதல் முறை. இவ்வொழுங்கை மீறிய அவசரத்தால் ஒரு பள்ளியின் மதிப்பெண் பதிவேடு அழிந்துபோகுமாயின், அப்பள்ளியில் லினக்ஸின் பெயரை மீண்டும் எடுக்க இயலாது.

நிறுவிய பின் முதற்பாடம் தமிழ் உள்ளீடாக இருத்தல் நலம். 1999-ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டை ஒட்டி வகுக்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகையில், உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்யெழுத்துகள் வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன. புதிதாகப் பழகுவோர்க்கு அது எளிது. தட்டச்சு பயின்ற எழுத்தரோ பழைய தட்டச்சு அமைப்பையே விரும்புவார். லினக்ஸில் இரண்டும் உண்டு. எது சிறந்தது என்று வாதிடுவதை விட்டு, அவரவர் விரல்கள் அறிந்ததை அமைத்துக் கொடுப்பதே உதவியாகும்.

திரையின் தோற்றத்தைத் தம் விருப்பம்போல் மாற்றிக்கொள்வதை வீண் அலங்காரம் என்று கருதும் ஆசிரியர்கள் உளர். இக்கருத்து சரியன்று. பார்வை மங்கிய தலைமையாசிரியருக்கு எழுத்தைப் பெரிதாக்குதலும், நாடோறும் திறக்கும் நான்கு கோப்புறைகளைத் திரையின் முகப்பில் நிறுத்துதலும், முன்பு பழகிய இடத்திலேயே பட்டியலை அமைத்தலும் வேலையை எளிதாக்கும் செயல்கள். கினோம், கே.டி.ஈ. பிளாஸ்மா, எக்ஸ்.எஃப்.சி.ஈ. எனப் பல திரைமுகப்புகள் இருப்பது குழப்பத்துக்கு இடமாகும் என்பர். பழைய பொறிக்கு நினைவகத்தைக் குறைவாகக் கொள்ளும் எக்ஸ்.எஃப்.சி.ஈ. ஏற்றது, புதிய பொறிக்கு மற்றவை ஏற்றவை என்று துணைவர் ஒரு சொல் கூறினால் அக்குழப்பம் தீரும். எல்லாவற்றுக்கும் மேலாக, பின்னணி நிறத்தைத் தாமே மாற்றி, பிறகு தாமே பழைய நிலைக்குக் கொண்டுவந்த ஒருவருக்குப் பொறியைப் பற்றிய அச்சம் நீங்குகிறது. அச்சம் நீங்கிய இடத்திலேதான் கல்வி தொடங்குகிறது.

அரசின் முயற்சிகள் இத்துறையில் இல்லாமலில்லை. 1988-இல் புனேயில் நிறுவப்பட்ட சி-டாக் அமைப்பின் சென்னை நிலையம், டெபியனை அடிப்படையாகக் கொண்ட ‘பாஸ்’ இயக்கமுறைமையை 2007-இல் வெளியிட்டது. தமிழ்நாட்டில் 2011-ஆம் ஆண்டு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸோடு ‘பாஸ்’ முறைமையும் பதிந்து வழங்கப்பட்டது. போற்றத்தக்க செயலே இது. எனினும் பொறியில் பதிந்து கொடுத்தல் ஒன்று, பயில்வித்தல் மற்றொன்று. இரு கதவுகள் உள்ள வீட்டில், வழி தெரிந்த கதவையே மக்கள் திறப்பர்.

கேரளம் வேறு வழியில் சென்றது. 2001-இல் அங்குத் தொடங்கிய ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம், பள்ளிகளில் லினக்ஸைப் புகுத்துவதோடு ஆசிரியர் பயிற்சியையும் இணைத்துக்கொண்டது. ஆசிரியர்களுள் சிலரைத் தேர்ந்து பயிற்றுநர்களாக்கி, அவர்களைக் கொண்டு மற்றவர்களைப் பயிற்றிற்று. 2017-இல் ‘கைட்’ என்னும் அரசு நிறுவனமாக அது வளர்ந்தது. 2018-இல் தொடங்கிய ‘லிட்டில் கைட்ஸ்’ மன்றங்களில் மாணவர்களே இப்பணியில் ஈடுபடுகின்றனர். உதவி பெற்றவர் உதவி அளிப்பவராக மாறும்போது செலவு குறைகிறது. அறிவு ஊரிலேயே தங்குகிறது.

எதிர்வாதங்களையும் கருதுதல் வேண்டும். சில அலுவலகங்களில் பயன்படும் கையொப்பச் சாவி, விரல்ரேகைக் கருவி, கணக்கு மென்பொருள் முதலியன விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டிருக்கலாம். அத்தகைய இடத்தில் லினக்ஸை வற்புறுத்துவது உதவியன்று, இடையூறே. எந்தப் பொறியில் எந்த வேலை நடைபெறுகிறது என்பதை முதலில் கேட்டறியும் துணைவரே நம்பிக்கைக்கு உரியவர். ஆசிரியருக்கு ஏற்கெனவே சுமை மிகுதி என்ற வாதமும் உண்மையானதே. ஆதலால் இப்பணியை அவருடைய ஓய்வு நேரத்தின்மீது ஏற்றாமல், பணிநேரத்தின் ஒரு பகுதியாக அங்கீகரிப்பது முறையாகும்.

செய்யத்தக்கவை அரியன அல்ல. ஒவ்வோர் ஒன்றியத்திலும் இரண்டு ஆசிரியர்களும் ஒரு களப்பணியாளரும் இதற்கெனப் பயிற்சி பெறலாம். மாதத்தில் ஒரு நாளைக் குறித்து, பழைய கணிப்பொறியோடு எவரும் வரலாம் என்று அறிவிக்கலாம். வருபவரின் கையே விசைப்பலகைமீது இருத்தல் வேண்டும் என்பதை விதியாகக் கொள்ளலாம். நேர்ந்த இடையூறும் தீர்ந்த முறையும் எளிய தமிழில் ஒரு குறிப்பேட்டில் எழுதப்படலாம். அடுத்து வருபவருக்கு அதுவே பாடநூலாகும். ஒரு வாரம் கழித்து அவரை மீண்டும் கண்டு, ‘இப்பொழுது எது தடைப்படுகிறது?’ என்று கேட்பதும் இன்றியமையாதது.

நிலத்தைச் சேர்த்து உடைமையாளராக நின்ற ஹடப்சர் உழவர்கள், புதிய தொழிலைக் கற்றதனாலேயே தாம் எழுப்பிய நகரில் அயலாராகாமல் வாழ்ந்தனர். லினக்ஸும் பலருடைய உழைப்பைச் சேர்த்து எழுந்த பொதுச்சொத்து. அதில் ஒவ்வொரு பள்ளிக்கும் பங்கு உண்டு. அப்பங்கைப் பயன்படுத்தத் தெரிந்தவராக ஒரு புதியவரை ஆக்கும் ஆசிரியரும் களப்பணியாளரும், கழிபொருளாக இருந்த பொறி ஒன்றை மீட்பதோடு, பிறரை எதிர்பார்த்து நின்ற மனிதர் ஒருவரைத் தம் காலில் நிற்கச் செய்தவராவர்.